குழந்தையின் கோபமும் அழுகையும்

ஊர்த் திருவிழாக்களில் நாம் எல்லோரும் கண்டிருக்கும் காட்சி ஒன்று உண்டு. தேர் நிலைக்கு வந்துவிட்டது, கூட்டம் கலைந்துகொண்டிருக்கிறது. பலூன் விற்பவருக்கு எதிரில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று தரையில் புரண்டு அழுகிறது. கையும் காலும் மண்ணில் அடித்துக்கொள்கின்றன. முகம் சிவந்து, மூச்சே நின்றுவிடுமோ என்று பார்ப்பவர்கள் அஞ்சும்படி இருக்கிறது. தந்தை அதட்டுகிறார். தாய், "எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பார்" என்கிறாள். பாட்டி, "அதோ போலீஸ்காரர் வருகிறார், பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று அச்சுறுத்துகிறாள். மாமா ஒரு மிட்டாயை எடுத்து நீட்டுகிறார். நால்வரும் செய்தது நான்கு விதம்; நோக்கமோ ஒன்றேதான். அழுகை நிற்கவேண்டும். அந்த அழுகைக்குள்ளே இருக்கும் குழந்தைக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்று கேட்டவர் அங்கே ஒருவரும் இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் இன்று சிறிது நேரம் ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன். குழந்தை வளர்ப்பில் நான் வல்லுநன் அல்லன். தந்தை என்ற முறையில் பெரும்பிழை ஒன்று செய்து, அதன் பின்னர்ச் சிலவற்றைக் கற்றுக்கொண்டவன். அந்தப் பிழையை ஒளிக்காமல் பின்னால் சொல்லுவேன்.

உணர்ச்சி என்றால் உள்ளத்துக்குள் நிகழும் ஒன்று என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். தொல்காப்பியர் அதனை உடம்போடு சேர்த்தே எண்ணினார். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே வகுத்து, உள்ளத்தின் நிலை உடம்பின்மேல் தோன்றுவதை ஆராய்ந்திருக்கிறார். அழுகை, சிரிப்பு, கோபம், அச்சம், வியப்பு, மகிழ்ச்சி, பெருமிதம், இழிவுணர்ச்சி என்று எட்டாகப் பகுத்து, ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களங்களும் கூறுகிறார். செய்யுள் செய்வோருக்காகச் சொல்லப்பட்டவை அவை. ஆனால், குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் அவை எவ்வளவு பொருந்துகின்றன என்பதை எண்ணும்பொழுது எனக்கு வியப்பாக இருக்கிறது.

அழுகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிறரால் இகழப்படுதல், உள்ளதை இழத்தல், முன்பு இருந்த நிலையிலிருந்து தாழ்தல், வேண்டியது இல்லாமை ஆகிய நான்கினால் அழுகை பிறக்கும் என்பது அவர் கருத்து. நம் வீட்டுக் குழந்தையைச் சற்றுக் கவனியுங்கள். கீழே விழுந்ததற்கு அழாத குழந்தை, விழுந்ததைக் கண்டு அத்தை சிரித்தவுடன் அழுகிறதே, அது முதல் வகை. பாடுபட்டுக் கட்டிய மணல் வீட்டை ஒருவன் காலால் மிதித்துவிட்டால் அழுகிறதே, அது இரண்டாம் வகை. தம்பி பிறந்து தாயின் மடி அவனுக்குப் போய்விட்டபிறகு, காரணமே இல்லாததுபோல் நாள் முழுவதும் சிணுங்குகிறதே, அது மூன்றாம் வகை. பலூன் வேண்டும் என்று அழுவது நான்காம் வகை. நோய்கள் நான்கு, நாம் வைத்திருக்கும் மருந்தோ, "அழாதே" என்ற ஒன்றுதான்.

கைக்குழந்தைக்கு இந்த வேறுபாடுகள் எல்லாம் தெளிவாக இருப்பதில்லை. கனடாவில் மான்ட்ரியால் நகரத்தில் குழந்தைகளை உற்றுநோக்கி ஆராய்ந்த காதரின் பிரிட்ஜஸ் என்னும் உளவியல் அறிஞர், 1932-இல் ஒரு விளக்கத்தை வெளியிட்டார். பிறந்த குழந்தைக்கு இருப்பது பொதுவான ஒரு கிளர்ச்சி மட்டுமே. சில வாரங்களில் அதிலிருந்து துன்பமும், பின்னர் இன்பமும் பிரிகின்றன. துன்பத்திலிருந்து கோபமும் அச்சமும் அருவருப்பும் கிளைக்கின்றன. பொறாமை முதலியன பின்னரே வருகின்றன என்று அவர் கூறினார். பின்வந்தவர்கள் இதில் திருத்தங்கள் பல சொல்லியிருக்கின்றனர். எனினும், உணர்ச்சிகள் வளர்ந்து, கிளைத்து, தெளிவு பெறுகின்றன என்னும் அடிப்படைக் கருத்து நமக்கு மிகவும் பயன்படுவது. ஏனெனில், இரண்டு மூன்று வயதில் உணர்ச்சிகளெல்லாம் வந்து சேர்ந்துவிடுகின்றன; அவற்றுக்கு உரிய சொற்களோ இன்னும் வந்து சேரவில்லை.

சொல் இல்லாத இடத்தில் உடம்புதான் பேசும். பள்ளிக்கூடம் திறக்கும் நாட்களில், "வயிறு வலிக்கிறது" என்று காலையில் அழும் குழந்தைகள் எத்தனை பேர்! பள்ளிக்குப் போகும் நேரம் கடந்ததும் அந்த வலி மறைந்துவிடுகிறது. உடனே நாம், "பார்த்தீர்களா, எல்லாம் பொய்" என்கிறோம். அது பொய் அன்று. அச்சம் வயிற்றைப் பிசையும் என்பது தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் போய்வந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். "எனக்குப் புதிய இடம் அச்சமாக இருக்கிறது, நீ என்னை அழைத்துப்போக வருவாயோ மாட்டாயோ என்று கவலையாக இருக்கிறது" என்று சொல்ல அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை. தெரிந்த சொல் வயிற்றுவலி, அதைச் சொல்லுகிறது.

இன்னொன்றும் நினைவில் கொள்ளவேண்டும். குழந்தையின் துன்பம் நமக்குச் சிறிதாகத் தோன்றுகிறது. குழந்தைக்கு அது பெரிது. நமக்கு ஐம்பது ஏமாற்றங்கள் வந்து போயிருக்கின்றன. ஐம்பத்தோராவதும் போய்விடும் என்னும் நம்பிக்கை இருக்கிறது. மூன்று வயதில் அந்தக் கணக்கு ஏது? மேலும், பொங்கிவரும் உணர்ச்சியை நிதானித்து அடக்குவதற்குத் துணைசெய்வது மூளையின் முன்பகுதி. அப்பகுதி முழு வளர்ச்சி பெற இருபது வயதுக்கு மேலும் ஆகிறது என்பதை இன்றைய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. தடை இன்னும் பொருத்தப்படாத வண்டி சரிவில் இறங்கும்பொழுது, "நில்" என்று அதட்டினால் நிற்குமா?

அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புளோரன்ஸ் குடினஃப் என்ற அம்மையார், குழந்தைகளின் கோபத்தைப் பற்றி 1931-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கையாண்ட முறை எளியது. தாய்மார்களிடம் குறிப்பேடு கொடுத்து, குழந்தைக்குக் கோபம் வந்தபொழுதெல்லாம் என்ன நேரம், என்ன காரணம், வீட்டார் என்ன செய்தனர் என்று எழுதி வைக்கும்படி கேட்டுக்கொண்டார். உணவு வேளைக்கு முன்னும் உறங்கும் வேளையை அடுத்தும் கோபம் மிகுதியாக வருவதை அக்குறிப்புகள் காட்டின. ஒரு நாள் விட்டுக்கொடுத்து மறுநாள் கண்டிக்கும் வீடுகளில் தொல்லை வளர்வதையும் அவர் எடுத்துக்காட்டினார். நாம் பிடிவாதம் என்று பெயரிட்டு அடிப்பதில் பாதி, பசியாகவும் தூக்கமாகவும் இருக்கக்கூடும். ஆதலால், கோபத்தின் காரணத்தைக் குழந்தையின் குணத்தில் தேடும் முன், கடிகாரத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இனி, நம் வழக்கமான மருந்துகளைப் பற்றிச் சொல்லவேண்டும். குழந்தை தூணில் மோதிக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? "இந்தத் தூண்தானே உன்னை இடித்தது?" என்று தூணை இரண்டு அடி அடிக்கிறோம். குழந்தை சிரித்துவிடுகிறது. ஆனால், வலித்தால் யாரையாவது அடிக்கவேண்டும் என்னும் பாடத்தை அன்று நாமே தொடங்கி வைத்துவிட்டோம். மறுநாள் அது தம்பியை அடித்தால், "இந்தக் கெட்ட குணம் எங்கிருந்து வந்தது?" என்று வியக்கிறோம். சோறு உண்ண மறுத்தால் பூச்சாண்டி வருகிறான். பசியைத் தூண்ட வந்த பூச்சாண்டி, இரவில் விளக்கை அணைத்த பிறகும் போவதில்லை. ஆண் குழந்தை அழுதால், "பெண்பிள்ளைபோல் அழலாமா?" என்கிறோம். இந்த ஒரு சொல்லால் ஆணுக்குக் கண்ணீரை மறுக்கிறோம். பெண்ணை இகழ்ந்தும் விடுகிறோம்.

புதிதாகத் தம்பியோ தங்கையோ பிறந்த வீட்டில் நாம் ஆடும் விளையாட்டு ஒன்று இவை எல்லாவற்றிலும் கொடியது. "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்! பாப்பாதான் எங்கள் குழந்தை" என்று மூத்த குழந்தையிடம் சொல்லிச் சிரிக்கிறோம். வேடிக்கைக்குச் சொன்னது என்று நமக்குத் தெரியும். தன் இடம் பறிபோய்விட்டதோ என்று முன்னமே ஐயுற்றிருக்கும் குழந்தைக்கு அது தெரியுமா? அதன் அச்சத்துக்கு நாமே சாட்சி சொன்னதுபோல் ஆகிவிடுகிறது.

இத்தனையும் செய்தபின் சில குழந்தைகள் அழுவதை நிறுத்திவிடுகின்றன. "நல்ல குழந்தை, தொந்தரவே கிடையாது" என்று நாமும் மகிழ்கிறோம். அந்த அமைதி எப்பொழுதும் நம்பத்தக்கது அன்று. லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-இல் ஒரு திரைப்படம் எடுத்தார். இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று சிறிய அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் எட்டு நாட்கள் தங்குகிறது. பெற்றோர் குழந்தையுடன் தங்குவதற்கு அக்காலத்து மருத்துவமனைகள் இடம் கொடுப்பதில்லை. அந்தக் குழந்தை கூச்சலிட்டு அழவில்லை. தன் கரடிப் பொம்மையையும் போர்வைத் துணியையும் இறுகப் பற்றிக்கொண்டு, அழுகையை விழுங்கிக்கொண்டு, அவ்வப்பொழுது அம்மாவை மட்டும் கேட்கிறது. தாய் பார்க்க வரும்பொழுது முகம் கொடுக்காமல் திரும்பிக்கொள்கிறது. அழாமல் இருப்பதால் குழந்தை நலமாக இருப்பதாக எண்ணியவர்களுக்கு அந்தப் படம் சினமூட்டியது; முதலில் பார்த்த மருத்துவர்கள் பலர் ஏற்க மறுத்தனர். ஆனால், உண்மை மெல்ல வென்றது. மருத்துவமனையில் உள்ள குழந்தைகளைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்க வழிசெய்யவேண்டும் என்று 1959-இல் இங்கிலாந்து அரசு அமைத்த குழுவே பரிந்துரைத்தது. அழாத குழந்தைக்கும் துயர் உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொள்ள அத்தனை காலம் ஆயிற்று.

உலகத்தைப் பற்றி ஏன் சொல்லவேண்டும்? என் வீட்டிலேயே எனக்கு அது தெரியவில்லை. என் தாயார் காலமானபொழுது என் மகளுக்கு நான்கு வயது. பாட்டியின் பக்கத்தில் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அன்று விடியற்காலையில் அவளைத் தூக்கத்தோடு தூக்கிச் சென்று அடுத்த தெருவில் உறவினர் வீட்டில் விட்டோம். மறுநாள் அழைத்துவந்ததும், "பாட்டி எங்கே?" என்று கேட்டாள். "பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள், அம்மா" என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். இரண்டொரு நாள் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்கவே இல்லை. "குழந்தைதானே, மறந்துவிட்டாள்" என்று நாங்கள் ஆறுதல் கொண்டோம்.

இரண்டு மாதங்கள் சென்றன. என் மனைவி தன் தம்பியின் திருமண ஏற்பாட்டுக்காகப் பிறந்த ஊருக்குப் போகவேண்டியிருந்தது. இரண்டே நாட்களில் திரும்பிவிடுவதாகச் சொன்னாள். அவ்வளவுதான். எப்பொழுதும் அடங்கியிருக்கும் என் மகள், புடவைகளைப் பெட்டியிலிருந்து வாரி இறைத்தாள். தாயின் காலைக் கட்டிக்கொண்டு அலறினாள். விடுவித்த என் கையைக் கடித்தாள். இரயிலுக்கு நேரம் ஆகிவிட்டது. எனக்குச் சினம் மிகுந்தது, அவளை அடித்துவிட்டேன். அவள் சட்டென்று அடங்கிப்போனாள். நான் வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

அன்று இரவு வெகுநேரம் அவள் உறங்கவில்லை. விளக்கை அணைத்தபிறகு, மிக மெல்லிய குரலில், "அப்பா, அம்மாவும் பாட்டி போன ஊருக்குத்தான் போயிருக்கிறாளா?" என்று கேட்டாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள் எதையும் மறக்கவில்லை. சொல்லாமல் போனவர்கள் திரும்பி வராத ஓர் ஊர் இருக்கிறது என்பதை நான் அவளுக்குக் கற்பித்திருந்தேன். அந்த ஊருக்கு அம்மா பெட்டி கட்டும்பொழுது கடிக்காமல் வேறு என்ன செய்வாள்?

அன்றிரவே உண்மையைச் சொன்னேன். "பாட்டி இறந்துபோய்விட்டாள், அம்மா. அவளுடைய உடம்பு மிகவும் முதுமை அடைந்து, மூச்சு விடுவதை நிறுத்திவிட்டது. இனி அவள் வரமாட்டாள். நான் சொன்னது தவறு. அம்மா வேறோர் ஊருக்குப் போயிருக்கிறாள், நாளை மறுநாள் வந்துவிடுவாள்" என்றேன். அவள் அழுதாள். இரண்டு மாதங்களாகத் தேக்கி வைத்திருந்த அழுகை அது. "அழாதே" என்று சொல்ல என் நாக்கு எழுந்தது, சொல்லவில்லை. "பாட்டி இல்லாதது உனக்கு ஏக்கமாக இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். "ஏக்கம் என்றால் என்ன?" என்று விம்மலுக்கு நடுவில் கேட்டாள். "இல்லாதவரை நெஞ்சு தேடுவது" என்றேன். பிறகு பல நாட்கள் அவள் பாட்டியைப் பற்றிக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, இறந்தவர் மீளமாட்டார் என்பது ஒரு தடவை சொன்னால் விளங்குவதில்லை. கேட்டபொழுதெல்லாம் அதே விடையைச் சொன்னோம். சில வேளைகளில் அவளே வந்து, "அப்பா, எனக்கு ஏக்கமாக இருக்கிறது" என்பாள். சற்று மடியில் இருந்துவிட்டு விளையாடப் போய்விடுவாள். பெட்டியை மறைப்பதும் கடிப்பதும் பின்னர் நிகழவில்லை.

நான் கற்றுக்கொண்ட முதற்பாடம் இதுதான்: உணர்ச்சிக்கு ஒரு பெயர் கொடுக்கவேண்டும். பெயர் தெரியாத இருட்டைவிடப் பெயர் தெரிந்த இருட்டு சிறியது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும். அச்சமோ சினமோ தோன்றும் முகப்படங்களைக் கண்டு அவ்வுணர்ச்சியின் பெயரைச் சொல்லும்பொழுது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய பகுதியின் கொந்தளிப்புக் குறைகிறது என்று 2007-இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. நம் மொழியில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. கோபம், பயம் என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளாமல் ஏக்கம், ஏமாற்றம், கூச்சம், ஆற்றாமை, சலிப்பு, பொறாமை என்று ஒவ்வொன்றையும் அது நேரும் வேளையில் எடுத்துக் கொடுக்கலாம். "தம்பியை எல்லோரும் தூக்குகிறார்கள், உனக்குப் பொறாமையாக இருக்கிறது போலும்" என்று இழிவு தொனிக்காமல் சொன்னால், பொறாமைப்படுவதால் தான் கெட்ட குழந்தை ஆகிவிடவில்லை என்று அது தெரிந்துகொள்ளும்.

இரண்டாவது, உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது வேறு. செயலுக்கு இடம் கொடுப்பது வேறு. ஹைம் கினாட் என்னும் உளவியலார் 1965-இல் வெளியிட்ட பெற்றோருக்கான நூலில் இந்த வேறுபாட்டை வற்புறுத்தினார். "உனக்குக் கோபம் வரலாம், தம்பியை அடிக்கக்கூடாது" என்பதில் இரண்டு பாதியும் வேண்டும். முற்பாதி இல்லாவிட்டால் குழந்தை உள்ளத்தை மறைக்கக் கற்கிறது. பிற்பாதி இல்லாவிட்டால் வீட்டை ஆளக் கற்கிறது. கோபமாக இருக்கும் கைக்கு வேறு வேலை கொடுக்கலாம். களிமண்ணைப் பிசையட்டும், தாளில் கிறுக்கட்டும், சொப்பு வைத்து விளையாடும்பொழுது பொம்மை அம்மா பொம்மைக் குழந்தையைத் திட்டினால் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருங்கள். அங்கே அதன் உள்ளம் பேசுகிறது.

மூன்றாவது, அச்சத்தை அதட்டிப் போக்கமுடியாது. நாயைக் கண்டு நடுங்கும் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்து நாயின் முதுகில் வைப்பவர்கள் உண்டு. நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலுக்கு அஞ்சிய ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவனின் அச்சத்தைப் போக்கிய விதத்தை 1924-இல் எழுதியிருக்கிறார். சிறுவன் விரும்பிய தின்பண்டத்தை உண்டுகொண்டிருக்கும்பொழுது, கூண்டில் இருந்த முயலை அவன் அஞ்சாத தொலைவில் வைத்தார். நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நெருங்கச் செய்தார். முயலுக்கு அஞ்சாத பிற குழந்தைகள் அதனோடு விளையாடுவதையும் அவன் காணும்படி செய்தார். இறுதியில் அவன் தன் விரல்களை முயல் கொறிக்கும்படி விட்டுச் சிரித்தான். அங்கே வேலை செய்தது பொறுமையும் தொலைவும் இன்பமான சூழ்நிலையும். இருட்டுக்கு அஞ்சும் குழந்தைக்கும், பள்ளிக்கு அஞ்சும் குழந்தைக்கும் வழி இதுவே.

நான்காவது, நம்மைப் பற்றியது. குழந்தை நம் சொல்லைவிட நம் முகத்தைப் படிக்கிறது. தட்டை வீசி எறியும் தந்தை, "கோபப்படக்கூடாது" என்று அறிவுரை கூறினால், எறிவதையே குழந்தை கற்றுக்கொள்ளும். "இன்று எனக்குக் கோபம் வந்துவிட்டது, உன்னை அடித்தது தவறு" என்று சொல்வதனால் நம் மதிப்புக் குறைந்துவிடுவதில்லை. என் மகளிடம் நான் அதைச் சொல்ல மூன்று நாட்கள் ஆயின. அதைக் கேட்ட அவள், என் கையில் தான் கடித்த இடத்தைப் பார்த்து, "வலிக்கிறதா?" என்று கேட்டாள்.

திருவிழாவில் புரண்டு அழுத குழந்தையிடம் திரும்புவோம். பலூன் வாங்கிக்கொடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தால் வாங்கவே வேண்டாம். தந்தை சிறிது குனிந்து, குழந்தையின் உயரத்துக்கு வந்து, "உனக்கு அந்தச் சிவப்புப் பலூன் மேல் ஆசை. கிடைக்கவில்லை என்று கோபமும் அழுகையும் வருகின்றன. நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லிப் பக்கத்தில் இருக்கட்டும். அழுகை உடனே நின்றுவிடாது. பத்து நிமிடம் ஆகலாம். பார்ப்பவர்கள் ஏதாவது சொல்லலாம். ஆனால், தன் உள்ளே எழுந்த புயல் தன்னையும் கொல்லவில்லை, தந்தையையும் விரட்டவில்லை என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் குழந்தை கண்டுகொள்கிறது. வாழ்க்கையில் இனி வரப்போகும் பெரிய இழப்புகளுக்கெல்லாம் அதுவே அதன் முதற்பயிற்சி.

ஆதலால், அடுத்த முறை "அழாதே" என்று சொல்லத் தோன்றும்பொழுது, அதற்கு முன் ஒரு கணம் நின்று, எதற்காக அழுகிறது என்று கேட்டுப் பார்ப்போம். விடை நாம் எண்ணியதாக இராமல் போகலாம். எனக்கு அப்படித்தான் நேர்ந்தது.